துறையடி: பாலம் வந்த பின் ஆளற்றுப்போன ஒரு கடைத்தெரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில், ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் பழைய வீதியின் துண்டு ஒன்று கிடக்கிறது. அது நேரே ஆற்றுக்குள் இறங்கி அங்கேயே முடிந்துவிடும். அதன் இரு மருங்கிலும் சீமெந்துத் தளங்கள், இடுப்பளவு சுவர்கள், தூர்ந்துபோன ஒரு கிணறு. நான் பிறந்து வளர்ந்த கடைத்தெரு அதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், அந்த வழியால் போகும் இளைஞர்கள், என் சொந்தப் பிள்ளைகள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

அது சரியாக எந்த இடத்தில் இருக்கிறது?

கிண்ணியாவுக்கும் வெருகலுக்கும் இடையில், மகாவலியின் கிளையொன்றின் கரையில். இதற்குமேல் குறித்துச் சொல்லவில்லை. அங்கே இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய காணி விண்ணப்பம் முடிவாகும்வரை இடத்தைப் பகிரங்கமாக எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஊரின் பெயர் என்ன?

பெயர் கிடையாது. எல்லோரும் துறையடி என்றுதான் சொன்னார்கள். கடிதம் போடுவதென்றால் பக்கத்து ஊரின் பெயரை எழுதி, "துறையடிக் கடை" என்று சேர்ப்பார்கள். கடிதமும் தவறாமல் வந்து சேரும். வாக்காளர் இடாப்பு, கூப்பன் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நாங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். சிறு வயதில் அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது பின்னால்தான் விளங்கியது. அதைக் கீழே சொல்கிறேன்.

"பாதையில் ஏறி அக்கரைக்குப் போனோம்" என்று முதியவர்கள் சொல்கிறார்களே, பாதையில் எப்படி ஏறுவது?

எங்கள் பகுதியில் பாதை என்றால் வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவை. இரும்பு மிதவைகளின் மேல் தடித்த பலகைகளை அடித்துத் தட்டையாக அமைத்திருப்பார்கள். கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய உருக்குக் கம்பிவடத்தைக் கையால் பிடித்து இழுத்துத்தான் அதை நகர்த்துவார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடுவதையும் பாதை என்றே சொல்கிறார்கள். வீதி ஆற்றில் அறுந்துவிடுகிறது, அந்த அறுந்த துண்டை இணைத்து வைக்கும் பலகைத்தட்டும் வீதியின் ஒரு பகுதிதானே என்று எண்ணி நம் முன்னோர் வைத்த பெயராக இருக்க வேண்டும். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும்.

கடைத்தெரு எப்படித் தோன்றியது?

காத்திருப்பிலிருந்து தோன்றியது.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, பல கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேரும் இடம் கொட்டியாரப் பற்று. கடற்கரையோரமாகத் தெற்கே போகும் எவரும் ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகளையும் களப்பு வாய்களையும் கடந்தாக வேண்டும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், அதற்கப்பால் காயான்கேணி என்று அத்தனை துறைகள். கொட்டியாரம் பழைய துறைமுகம். 1660இல் ஆங்கிலேய மாலுமி றொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் குடாக்கரையில்தான். ஆள் நடமாட்டம் என்றைக்கும் இருந்த வழி இது. வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலின் திருவிழாவுக்குப் போகும் அடியாரும், வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரையாக வருவோரும் இவ்வழியேதான் நடந்தார்கள்.

ஆனால் நடந்து வருபவனைத் தோணிக்காரன் உடனே ஏற்றிவிடுவான். அவன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவான். வாகனம் அப்படியல்ல. பாதை அக்கரையில் நின்றால் அது இக்கரைக்கு வர வேண்டும், முன்னால் நிற்கும் லொறிகள் ஏற வேண்டும். அல்லைக் குடியேற்றத் திட்டத்து வயல்கள் விளையத் தொடங்கியதும் நெல் லொறிகள் பெருகின. 1958இல் பஸ்கள் அரசுடைமையான பின்பு குறித்த நேரத்துக்கு பஸ் வந்தது. என் அம்மம்மா சொன்ன கணக்கு இதுதான்: முதலில் மருத மரத்தடியில் ஒருவர் இளநீர்க் குலையோடு உட்கார்ந்தார்; அடுத்த ஆண்டு அவர் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டார்; மூன்றாம் ஆண்டு அம்மம்மா அதன் பக்கத்தில் இடியப்ப உரலோடு வந்து சேர்ந்தார். எழுபதுகளின் நடுவில், எனக்குத் தெரிந்து, இரு கரையிலும் சேர்த்து 17 கடைகள்.

ஒரு பஸ் வந்தால் என்ன நடக்கும்?

ஹோன் சத்தம் வளைவில் கேட்டதும் அம்மம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுவார். பஸ் இறக்கத்தில் வந்து நிற்கும். பயணிகள் எல்லோரும் இறங்கியாக வேண்டும். ஆட்களோடு பஸ்ஸைப் பாதையில் ஏற்ற விடமாட்டார்கள். நடத்துநர் முதலில் ஆற்றைப் பார்ப்பார். பாதை அக்கரையில் நின்றால் முகத்தில் சலிப்பு. எங்கள் முகத்தில் மகிழ்ச்சி.

"பாதை அக்கரையில் நிற்கிறது தம்பி, இருந்து சாப்பிட்டுப் போகலாம்" என்று அம்மம்மா கூப்பிடுவார். பக்கத்துத் தயிர்க்கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணனை எங்கள் பகுதியில் அப்படித்தான் அழைப்போம்) சட்டிகளைத் துணி விலக்கிக் காட்டுவார். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டி. ஆடி ஆவணியில் பாலைப்பழம் வரும். சுண்டு நிறைய அளந்து தேக்கிலைச் சுருளில் கொட்டிக் கொடுப்போம். அந்தப் பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு இலேசில் போகாது. பஸ் ஏறும் பிள்ளைகள் எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டே ஏறுவார்கள். மாரி தொடங்கும் முன் நாவற்பழம், பிறகு இறால் வடை.

விற்றது சாப்பாடு மட்டும் என்று எண்ண வேண்டாம். டயர் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. முடிவெட்டும் கடையில் ஒரே நாற்காலி; பாதி வெட்டியதும் பாதை வந்துவிட்டால் மீதியை அடுத்த பயணத்தில் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. மனுக்களும் தந்தி வாசகங்களும் எழுதிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தினமும் வெள்ளை வேட்டியில் வந்து ஒரு வாங்கில் அமர்ந்திருப்பார். கல்யாணப் பேச்சுகள் இங்கே தொடங்கின. நெல் விலை இங்கே பேசப்பட்டது. மூதூரிலிருந்து போகிறவரும் வாகரையிலிருந்து வருகிறவரும் அரை மணி நேரம் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கும்படி அந்த ஆறு செய்திருந்தது.

மழைக் காலத்தில்?

அதுதான் எங்கள் அறுவடைக் காலம். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு வெள்ளம் வந்தால் பாதையை இழுக்க முடியாது. கம்பிவடம் தண்ணீருக்குள் போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள், சில ஆண்டுகளில் அதற்கும் மேல் வாகனங்கள் வரிசையாக நிற்கும். வீட்டுத் திண்ணை, கடை வாங்கு, லொறியின் அடி என்று எங்கும் ஆட்கள் படுத்திருப்பார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அம்மம்மா வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு, தான் அடுப்படியில் சாக்கை விரித்துக்கொள்வார். காசில்லாதவருக்கும் பிட்டு உண்டு. "திரும்பி வரும்போது தாருங்கள்" என்பார். பெரும்பாலானோர் தந்துவிட்டுத்தான் போனார்கள்.

யார் யார் வாழ்ந்தார்கள்?

தமிழரும் முஸ்லிம்களும். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. தேங்காயும் இடியப்பமும் எங்கள் பக்கம், தயிரும் மாட்டிறைச்சிக் கறியும் அவர்கள் பக்கம். நோன்பு மாதத்தில் எங்கள் கடையில் பகலில் முன்படலைச் சாத்தி வைப்போம். தைப்பொங்கலன்று தயிர்க்கடைக் காக்கா வீட்டிலிருந்து பால் வரும். யாரும் ஏற்பாடு செய்து நடந்தவை அல்ல இவை. பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் நடந்தன. பிற்காலத்தில் இரு சமூகத்துக்கும் இடையில் எவ்வளவோ கசப்பு ஏற்பட்டது. அதனால்தான் இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

கடைத்தெருவை அழித்தது போரா, பாலமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இரண்டும்தான், ஆனால் ஒரே விதமாக அல்ல.

1985இல் முதல் தடவை ஓடினோம். இரவில், அடுப்பில் நெருப்பு இருக்கும்போதே. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பின் சில குடும்பங்கள் திரும்பிக் கூரை போட்டன. 1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்ததும் அவையும் போயின. அதன் பின் நீண்ட காலம் இந்த வீதியால் முழுப் பயணம் போக வழியில்லை. மூதூர்க்காரர் திருகோணமலைக்குக் கடல் வழியாக லோஞ்சில் வந்து போனார்கள். மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றினார்கள். நேரே போனால் சுமார் 130 கிலோமீற்றர். சுற்றினால் 200க்கும் மேல். வாகனமில்லாத வீதியில் கடைக்கு என்ன வேலை?

2002 போர்நிறுத்தத்தில் மறுபடியும் உயிர் வந்தது. நாலைந்து கொட்டில்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று என் மாமாவுடையது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் அந்தக் கரை முழுவதையும் அடித்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை அடுத்துப் போர் மூண்டு, மூதூர்ப் பிரதேசமே வெளியேறியது. மாமா கடைப் பலகைகளைச் சாத்திப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.

பிறகு பாலங்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்ட அது 396 மீற்றர் நீளம். அன்றைக்கு நாட்டிலேயே மிக நீளமான பாலம். அடுத்த சில ஆண்டுகளில் தெற்கே உள்ள துறைகளுக்கும் பாலங்கள் எழுந்தன. பாதை நின்றது.

போர் எங்களை மூன்று முறை துரத்தியது. ஒவ்வொரு முறையும் யாராவது திரும்பி வந்தார்கள், ஏனெனில் ஆற்றங்கரையில் வாகனம் நிற்கத்தான் வேண்டும் என்பது மாறவில்லை. பாலம் வந்த பின் திரும்பி வருவதற்குக் காரணமே இல்லாமற் போனது. இப்போது பஸ் பாலத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஆற்றைத் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் பாலம் வந்திருக்கக் கூடாது என்கிறீர்களா?

ஒருநாளும் இல்லை. வெள்ளத்தில் பாதை நின்றுபோய், பிரசவ வலியோடு கரையில் கிடந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழையது அகற்றப்பட்டிருந்த காலம். தற்காலிகமாக ஓடிய மிதவை காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலானோர் சிறுவர்கள். பாதையின் நினைவில் எவ்வளவு இனிமை இருந்தாலும், ஒரு பிள்ளையின் உயிருக்கு முன் அது ஒன்றுமில்லை.

நான் கேட்பது வேறு. பாலம் கட்டும்போது, துறையை நம்பி வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

சம்பூர் மக்கள் போராடித் திரும்பினார்களே, நீங்கள் ஏன் திரும்பவில்லை?

சம்பூர் எங்களுக்கு மிக அருகில். 2006இல் வெளியேறிய அந்த மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள். பிறகு அனல் மின் நிலையம் என்றார்கள், தொழிற்பேட்டை என்றார்கள். அவர்கள் விடவில்லை. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் படிப்படியாகத் தங்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் அவர்கள் கையில் "சம்பூர்" என்ற பெயர் இருந்தது. காணி உறுதி இருந்தது, கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் கையில் என்ன இருந்தது? கடைகள் நின்றது வீதிக்கும் ஆற்றுக்கும் ஒதுக்கிய நிலம். அத்தனை ஆண்டு அங்கே அடுப்பெரித்த அம்மம்மாவிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. பாலம் வந்த பின் ஒரு காரியாலயத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியைப் பார்த்தார், வரைபடத்தை விரித்தார், விரலால் ஆற்றைத் தொட்டுக் காட்டினார். "இங்கே குடியிருப்பு எதுவும் இல்லையே ஐயா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வரைபடத்தில் எந்தக் காலத்திலும் நாங்கள் இருந்ததில்லை.

கடைத்தெருவை முதலில் போர் வெறுமையாக்கியது, பிறகு பாலம் தேவையற்றதாக்கியது. அங்கே நாங்கள் இருந்தோம் என்பதையே இல்லாமற் செய்தது இந்தக் கடதாசி. எனக்கு ஆறாதது இந்த மூன்றாவதுதான்.

அங்கே பேய் உலாவுகிறதாமே?

இல்லை. இரவில் தெரியும் வெளிச்சம் இறால் பிடிப்பவர்களின் விளக்கு.

தனுஷ்கோடி போலவா?

பலரும் அப்படி ஒப்பிடுகிறார்கள். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் ஒரே இரவில் கொண்டுபோனது. எங்களுடையது கால் நூற்றாண்டுக்கு மேல் சிறிது சிறிதாக நடந்தது. மிக நெருங்கிய உறவு என்று எனக்குத் தோன்றுவது அமெரிக்காவில் இருக்கிறது. டெக்சஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே அமைந்த கிளென்ரியோ. 1926இல் ஏற்படுத்தப்பட்ட 66ஆம் இலக்க நெடுஞ்சாலையில் போகிறவர்களை நம்பி வளர்ந்த தெருவோர ஊர் அது. எண்ணெய்க்கு வரி குறைவு என்பதால் எரிபொருள் நிலையங்கள் டெக்சஸ் பக்கம். அந்தப் பக்கத்து மாவட்டத்தில் மது விற்கத் தடை என்பதால் மதுக்கடை நியூ மெக்சிகோ பக்கம். தயிர் ஒரு பக்கம், இடியப்பம் ஒரு பக்கம் என்று எங்கள் தெரு நின்றது நினைவுக்கு வருகிறது. அங்கிருந்த விடுதியின் பலகையில், ஒரு திசையிலிருந்து வந்தால் "டெக்சஸின் முதல் விடுதி", மறு திசையிலிருந்து வந்தால் "டெக்சஸின் கடைசி விடுதி". எழுபதுகளில் புதிய பெருந்தெரு ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. வாகனங்கள் நிற்கவில்லை, ஊர் காலியானது.

ஆனால் 2007இல் அந்த வெறுமையான கிளென்ரியோவைத் தங்கள் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். இடிந்த சுவர்களுக்கு ஒரு பெயரும் ஒரு பதிவும் கிடைத்தன. அதை வாசித்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது அங்கே என்ன மிச்சம்?

பழைய இறக்கத்தின் ஓரத்தில் கம்பிவடம் கட்டிய இரும்புத் தூண் நிற்கிறது. துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகிறது. ஆனால் முழங்கால் உயரத்தில், வடம் உராய்ந்த இடத்தில் சுண்டுவிரல் புதையும் ஆழத்துக்கு ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் மட்டும் இரும்பு இன்னும் வழவழப்பாக இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் கடையில் சிவப்புச் சீமெந்துத் தளம் இருக்கிறது. நடுவில் ஆலங்கன்று ஒன்று வெடிப்பைப் பிளந்துகொண்டு வளர்ந்துவிட்டது. அடுப்பு மேடையின் மூன்று கற்களில் இரண்டு கிடக்கின்றன. வாங்கின் நான்கு கால்கள் பதிந்த குழிகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது.

போய்ப் பார்க்கலாமா?

பங்குனி முதல் புரட்டாதி வரை போகலாம். மாரியில் இறக்கம் வழுக்கும், தண்ணீருக்குள் முதலையும் உண்டு. கரையில் இறங்க வேண்டாம். கற்களை எடுக்க வேண்டாம். இன்னும் அங்கே இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் பிற்பகலில் தேநீர் கிடைக்கும். குடித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். நினைவிலிருந்து ஒரு வரைபடம் வரைந்து வைத்திருக்கிறேன். இரு கரையிலும் 17 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யாருடைய கடை, என்ன விற்றார்கள், எந்த ஆண்டில் போனார்கள் என்று எழுதிவருகிறேன். 15 நிரம்பிவிட்டன. தயிர்க்கடைக் காக்காவின் மகள் இப்போது தோப்பூரில் இருக்கிறார். அவர் மட்டும் மூன்று கட்டங்களை நிரப்பித் தந்தார். மிச்சம் இரண்டும் தென்கரையில், மருத மரத்துக்கு அப்பால். ஒன்று வெற்றிலைக் கடை. வாசலில் பச்சைக் கிளிக்கூடு தொங்கும். மற்றது என்ன கடை என்பதுகூட நினைவில்லை, நீல நிறக் கதவு மட்டும் தெரிகிறது. எழுபதுகளில் இந்த வீதியால் மட்டக்களப்புக்குப் போய்வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்த நீலக் கதவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.